காதை அடைக்கும் முன் மெஷினைப் பாருங்கள்: மதுரைத் தொழிற்பேட்டை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளிலும் அவற்றைச் சுற்றியும் பட்டறையும் தொழிற்சாலையும் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர். உங்களில் சிலருடைய ஷெட்டில் தகட்டை அடித்து வெட்டும் பிரஸ்ஸையும் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரையும் பிரித்துப் போட்டு வேலை பார்த்தவன். இந்த மடல் உங்கள் ஷெட்டுக்குள் எழும் சத்தத்தைப் பற்றியது. அதில் பெரும்பங்கைக் குறைத்துவிடலாம். பாதி வேலைக்கு வெளியாள்கூடத் தேவையில்லை. உங்களிடம் இருக்கும் ஃபிட்டரையும் வெல்டரையும் வைத்தே முடிக்கலாம். ஆனால் சத்தம் என்றதும் நீங்கள் முதலில் வாங்குவது இயர் பிளக் டப்பா. அதை மேஜையில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். மெஷினிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

“சத்தம் இல்லாத ஃபேக்டரி எங்கே இருக்கு? சித்திரைத் திருவிழா மைக் செட்டை விடவா இது பெரிசு?” என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். திருவிழா சில நாளில் முடிந்துவிடும், காது ஓய்வெடுத்துத் தேறிக்கொள்ளும். பிரஸ் ஓட்டுபவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது காதில் ஒரு ரீங்காரம் இருக்கும். காலையில் எழுந்தால் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். மறுபடியும் ஷிஃப்ட். வருடக்கணக்கில் இப்படியே போகும்போது உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. செத்த செல் திரும்ப முளைக்காது. அதற்கு மாத்திரையும் கிடையாது, சொட்டு மருந்தும் கிடையாது.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள். பேச்சில் மெய்யெழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது அந்த மாதிரி உயர்ந்த ஒலிகள்தான். அதனால் ஆரம்பத்தில் யாரையும் காது மந்தம் என்று சொல்லிவிட முடியாது. குரல் நன்றாகவே கேட்கும். என்ன சொன்னார்கள் என்பதுதான் பிடிபடாது. எனக்குத் தெரிந்த பவர் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் டீக்கடையில் யார் என்ன பேசினாலும் சிரித்துத் தலையாட்டுவார். வெளியூரில் கட்டிக் கொடுத்த மகள் ஃபோன் செய்தால் இரண்டு வார்த்தையோடு “இந்தா, உங்க அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடுவார். அப்பாவுக்கு என் மேல் பாசம் இல்லை என்று அந்தப் பெண் வருத்தப்பட்டிருக்கிறது. மகள் பேசுவது அவருக்குப் புரியவே இல்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் வெளியே சொன்னதில்லை.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆளாளுக்கு ஜெனரேட்டர் வாங்கினோம். அந்த ஜெனரேட்டர் பெட்டிக்குள் அடைத்துத்தான் வந்தது. 1,000 கே.வி.ஏ. வரையுள்ள டீசல் ஜெனரேட்டரின் சத்தம், பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி 75 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் அதன்படி செய்து கொடுத்தார்கள், நீங்களும் விலை கொடுத்து வாங்கினீர்கள், யாருடைய தொழிலும் அதனால் முடங்கிவிடவில்லை. ஆக, ஆளே நிற்காத காம்பவுண்டு மூலையில் 75 டெசிபல். ஆள் 8 மணி நேரம் நிற்கிற பிரஸ் பக்கத்தில் 95, 100. இது எனக்கு ஆறவே இல்லை.

நம் தொழிற்சாலை விதிகளில் புழங்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். அமெரிக்காவின் நியாஷ் என்ற ஆய்வு நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஷெட்டில் மேஸ்திரி எப்படிப் பேசுகிறார் என்று நாளைக்கே கவனியுங்கள்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் மாதிரி போகாது. ஒரே சத்தமுள்ள இரண்டு மெஷினில் ஒன்றை நிறுத்தினால் 3 டெசிபல்தான் குறையும். 95 போடும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் 85 போடும் டிரில்லிங் மெஷின் இருக்கிறது என்று வையுங்கள். அந்த டிரில்லிங் மெஷினைச் சுத்தமாக நிறுத்தினாலும் காதுக்கு வித்தியாசமே தெரியாது. எதில் கை வைக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினாக ஓடவிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நம் பிரஸ் ஷாப்புகளில் அப்படிப் பார்த்தால் முதல் இடத்தில் அடிக்கடி வந்து நிற்பது பிரஸ்கூட இல்லை, காற்று.

அடித்த பீஸை, டை என்ற அடி அச்சிலிருந்து தள்ளுவதற்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்? கால் அங்குலச் செம்புக் குழாயை வளைத்து, நுனியைச் சுத்தியலால் சப்பி, கம்ப்ரசர் லைனிலிருந்து முழு அழுத்தத்தில் நேராகக் கொடுத்திருக்கிறோம். அந்த நுனி ஆபரேட்டரின் காதிலிருந்து இரண்டு முழத்துக்குள் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சீறல். பல இடங்களில் வால்வுகூடக் கிடையாது, பீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீறிக்கொண்டே இருக்கும். வேகமாக வரும் காற்று அசையாமல் நிற்கும் காற்றைக் கிழிப்பதால் எழும் சத்தம் இது. காற்றின் வேகம் பாதியானால் சத்தம் 24 டெசிபல் இறங்கும் என்பது, ஜெட் எஞ்சின் சத்தத்தை ஆராய்ந்து லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1952இல் போட்ட கணக்கு. பிரஸ் ஷாப்பில் அப்படியே 24 கிடைத்துவிடாது. ஆனால் அவர் காட்டிய வழியில் போனால் பலன் நிச்சயம் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். குழாயின் நுனியைப் பீஸுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோங்கள், ரெகுலேட்டரைக் குறையுங்கள். பெரும்பாலும் பாதி அழுத்தத்திலேயே பீஸ் போய்விடும். சப்பிய குழாய்க்குப் பதில், பல சிறு துளைகள் உள்ள சத்தம் குறைந்த நாசில் மாட்டுங்கள். அதிலேயே 10 டெசிபல் வரை குறைவதுண்டு. ராம் (பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் பாகம்) மேலே போகும் அந்த நொடியில் மட்டும் காற்று வரும்படி, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு வையுங்கள். காற்றால் ஓடும் நியூமேட்டிக் சிலிண்டரில் காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் துளை ஒவ்வொன்றிலும் பித்தளை சைலன்சர் திருகுங்கள். இது விலை அற்பமான சாமான். ஆனாலும் நான் போகிற ஷெட்டுகளில் பாதிக்கு மேல் வெறும் துளைதான் இருக்கிறது. சைலன்சர் இருக்கிற இடத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துப்போய், அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதிவிட்டு மாட்டினால் போதும்.

அப்புறம் கசிவு. கவனிக்காமல் விட்ட ஏர் லைனில், கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சாதாரணம். அவ்வளவும் உங்கள் இ.பி. பில். ஆயுத பூஜைக்கு மெஷினெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளில் கம்ப்ரசரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரும் சாக்பீஸுமாக லைனோடு நடந்து பாருங்கள். எங்கெல்லாம் “உஸ்ஸ்” என்று கேட்கிறதோ அங்கெல்லாம் அடையாளம் போடுங்கள். மற்ற நாளில் அந்தச் சத்தம் காதில் விழாது. இந்த ஒரு வேலைக்கு ஆகும் செலவை மின்கட்டணத்திலேயே திரும்ப எடுத்துவிடலாம்.

அடுத்தது பீஸ் விழும் சத்தம். டையிலிருந்து தகரச் சரிவில் உருண்டு, மூன்றடி கீழே இருக்கும் இரும்புத் தொட்டியில் போய் விழுகிறது. ஒவ்வொரு பீஸும் அந்தத் தொட்டியை மணி அடிப்பது மாதிரி அடிக்கிறது. தொட்டியை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். “கணீர்” என்றால் அது சத்தம் போடும் தொட்டி. உள்பக்கம் பழைய கன்வேயர் பெல்ட் துண்டை போல்ட் போட்டு இறுக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். “தொம்” என்று வந்தால் வேலை முடிந்தது. சரிவுத் தகட்டின் அடியில் ரப்பர் ஷீட் ஒட்டி, அதற்குக் கீழே இன்னொரு மெல்லிய தகடு வைத்து மூடினால் இன்னும் நல்லது. நடுவில் மாட்டிய ரப்பர் அதிர்வைத் தின்றுவிடும். தொட்டியை ஓர் அடி உயர்த்தி வைத்தாலே சத்தம் குறையும், காசே கிடையாது. பெல்ட்டை மூடும் கார்டும் இப்படித்தான். தகடு அவசியமில்லாத இடத்தில் கம்பி வலை போட்டால் அது எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. விரல் நுழையாத வலையாக இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிரஸ் அடியும் குறைக்கக் கூடியதுதான். தகட்டை வெட்டும் ‘பஞ்ச்’ என்ற மேல் அச்சின் முகம் தட்டையாக இருந்தால் தகடு முழுவதும் ஒரே நொடியில் வெட்டுப்பட்டு “டமார்” என்கிறது. முகத்தில் லேசாகச் சரிவு கொடுத்தால் வெட்டு ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போகும். சத்தமும் இறங்கும், பிரஸ்ஸின் மீது விழும் அதிர்ச்சியும் குறையும். எல்லா பீஸுக்கும் இது ஒத்துவராது. ஒத்துவருவது எது என்பது உங்கள் டை மேக்கருக்குத் தெரியும், ஒரு வார்த்தை கேளுங்கள்.

மதுரையைச் சுற்றி ரப்பர் பாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் எத்தனை இருக்கின்றன! எங்கெங்கோ ஓடும் வண்டிகளின் எஞ்சினுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் நம் ஊரிலிருந்து போகிறது. நம் கம்ப்ரசரோ கான்கிரீட் தரையில் நேராக போல்ட் அடித்து நிற்கிறது. அதன் அதிர்வு தரையிலும், சுவரிலும், அதோடு பிடித்த பைப்பிலும் ஏறி ஷெட் முழுக்கப் போகிறது. எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற ரப்பர் மவுண்ட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த ரப்பரைத் திணித்தால் சில சமயம் அதிர்வு கூடிவிடும். பைப்பை இறுக்கமாகச் சுவரில் கட்டாமல் இடையில் ஒரு ஹோஸ் துண்டு கொடுங்கள்.

மெஷினையே பெட்டி போட்டு மூடுவது கடைசி வழி. நம் ஊரில் அதிகம் பாழாவதும் அதுதான். தகட்டுப் பெட்டியின் உள்பக்கம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு போன்ற ராக் வூல் அல்லது கிளாஸ் வூல் வைத்து, துளையிட்ட தகட்டால் மூட வேண்டும். தெர்மாகோல் ஒட்டினால் சத்தத்துக்கு ஒரு பலனும் இல்லை. தீப்பிடித்தால்தான் அதன் கெடுதல் தெரியும். முட்டை அட்டையும் அப்படியே. ஒரு சின்னக் கணக்கைக் கேளுங்கள்: பெட்டியின் மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கதவிடுக்கு, கேபிள் நுழையும் துளை, அடிப்பக்க விளிம்பு எல்லாவற்றிலும் ரப்பர் கேஸ்கெட் வேண்டும். நம் வெயிலில் காற்றோட்டம் இல்லாத பெட்டி இரண்டே நாளில் மோட்டாரைச் சுட வைத்துவிடும். மூன்றாம் நாள் ஆபரேட்டர் கதவைத் திறந்து ஒரு செங்கல்லை வைத்துவிடுவார். அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. காற்று உள்ளே வரவும் வெளியே போகவும், உள்பக்கம் வூல் ஒட்டிய வளைந்த டக்ட் வைத்தால்தான் அந்தக் கதவு மூடியபடி இருக்கும்.

காற்று ஊதும் ப்ளோயர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும், மின்சாரமும் கணிசமாக மிச்சம். காற்று வழியில் உள்ள டேம்பர் தகட்டை மூடி காற்றைக் கட்டுப்படுத்துவதைவிட, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்து வேகத்தைக் குறைப்பது எல்லா வகையிலும் மேல்.

செல்லூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊடைநூலோடு ஓடும் நாடா ஒவ்வொரு முறை அடிபடும்போதும் எழும் சத்தத்தை முழுதாக நிறுத்த முடியாது என்பது தெரியும். ஆனால் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தால் அதை மாற்றுவதும், தறியின் காலடியில் ரப்பர் வைப்பதும், தகரக் கூரையின் அடியில் சத்தம் உறிஞ்சும் பலகை தொங்கவிடுவதும் முடியும். கூரைப் பலகையால் தறிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குப் பெரிய பலன் இராது, தள்ளி நிற்பவருக்கு உண்டு. தறி ஓடுவது வீடுகளுக்கு நடுவில் என்பதையும் நினைவில் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் சத்தத்துக்குத்தான் இயர் பிளக். அதையும் சும்மா கொடுத்தால் போதாது. ஃபோம் பிளக்கை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது உப்பும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓட்டையில் ஒட்டவைத்த மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை ஷிஃப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால் மொத்தப் பலன் 3 டெசிபல்தான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பையன்களுக்கு அவர்கள் மொழியில் ஒருவர் செய்து காட்ட வேண்டும். தமிழில் ஒட்டிய நோட்டீஸ் அவர்களுக்கு எதற்கு?

காதுச் சோதனை என்றாலே உங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, தெரியும். “டெஸ்ட் எடுத்தால் குறை தெரியும், தெரிந்தால் நஷ்டஈடு கேட்பார்கள்.” சத்தத்தால் வரும் கேள்வித்திறன் இழப்பு சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் அது தொழில்நோய்தான், அதாவது வேலையால் வந்த நோய். நீங்கள் சோதிக்காவிட்டாலும் சட்டம் இருக்கிறது. வேலையில் சேரும் அன்றே ஒருவருடைய காதைச் சோதித்து எழுதி வைத்தால், எவ்வளவு குறை உங்களிடம் வந்த பிறகு ஏற்பட்டது என்பது தெளிவாகிவிடும். அந்தக் காகிதம் தொழிலாளியைக் காப்பாற்றுவது போலவே உங்களையும் காப்பாற்றும். சோதனைக்கு அனுப்புவதாக இருந்தால் ஷிஃப்ட் முடிந்த கையோடு அனுப்பாதீர்கள். குறைந்தது 14 மணி நேரமாவது காது சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை நல்லது. அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு நம் ஊரிலேயே இருக்கிறது. வருடம் ஒரு முறை அனுப்ப ஒரு வேலைநாள் கூலி கொடுக்க யோசிக்காதீர்கள்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. நல்ல சவுண்ட் லெவல் மீட்டரை ஒவ்வொருவரும் வாங்க வேண்டாம். உங்கள் சங்கம் காலிபரேஷன் சான்றோடு ஒன்று வாங்கி, முறை வைத்து ஷெட் ஷெட்டாக அனுப்பட்டும். ஃபோன் செயலி எந்த மெஷின் அதிகம் என்று தோராயமாகப் பார்க்க ஆகும், பதிவேட்டில் எழுத ஆகாது. அளந்ததை மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள், ஆபரேட்டரும் பார்க்கட்டும். அடுத்த மெஷினுக்கு கொட்டேஷன் கேட்கும்போது விலை, டன்னேஜ், டெலிவரி தேதியோடு, ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் எத்தனை டெசிபல் என்றும் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விற்கிறவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காற்றுக் குழாயிலிருந்தோ பீஸ் தொட்டியிலிருந்தோ யாராவது தொடங்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உங்கள் ஃபிட்டரோடு சேர்ந்து செய்து காட்ட நான் தயார். கூலி வேண்டாம், பெல்ட் துண்டும் போல்ட்டும் மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
திருமங்கலத்திலிருந்து ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர்